ஒரே எனாமல், இரண்டு ஆயுள்: சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கேட்

செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பொழுது முழுவதும் போய்வரும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் 12 அடி அகலத்தில் இரட்டைக் கேட்டும், பக்கவாட்டில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேலியும் உள்ளன. ஆறு ஆண்டுகளில் இவற்றுக்கு இரண்டு முறை சாயம் அடித்தாகிவிட்டது. முதலாவது 16 மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது நான்கரை ஆண்டு கடந்தும் நிற்கிறது. இரண்டு முறையும் வாங்கியது ஒரே கடையில், ஒரே வகை எண்ணெய் எனாமல் என்பதால், சாயத்தின் தரத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை.

முதல் வேலை 2019 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாக நடந்தது. பண்டிகைக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம் வழக்கம். ஆனால் தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பகுதியில் அக்டோபரும் நவம்பரும்தான் அதிக மழை பெய்யும் மாதங்கள் என்பதை அந்த வழக்கம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காலையில் வெயில் காயும், மாலை நான்கு மணிக்கெல்லாம் இடி மழை இறங்கிவிடும். "ஐயா, மேலாக்க உப்புத்தாள் போட்டா போதும், சாயம் பிடிச்சுக்கும்" என்றார் வேலைக்கு வந்தவர்; நானும் தலையாட்டினேன். காயாத எனாமல்மேல் ஈரம் படிந்ததால், மறுநாளே பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிட்டது.

வேலியில் நடந்தது அதைவிட மோசம். குழாயில் விரல் நகத்தை வைத்து நெம்பினால், சாயம் வெங்காயச் சருகு போல நீளநீளமாக உரிந்து வந்தது. உள்ளே துரு துளியும் இல்லை, குழாய் புதிதாகவே மின்னியது. ஜி.ஐ. குழாயின் மேலுள்ள துத்தநாகம் எனாமலில் இருக்கும் எண்ணெயோடு வினைபுரிந்து இடையில் சோப்புப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்த வழுக்கலின்மேல் எந்தச் சாயமும் நிலைக்காது. வெறும் இரும்புக்கு அடிக்கும் சிவப்பு ஆக்சைடு பிரைமரையே (அடிப்பூச்சு) குழாய்க்கும் அடித்திருந்தோம். அதுவும் எண்ணெய்ச் சாயம்தான்.

2021 பிப்ரவரியில், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டில் முடங்கியிருந்தபோது, நானே வேலையில் இறங்கினேன். மழையும் அப்போது சற்றே ஓய்ந்திருந்தது. கேட்டின் கீழ்ச் சட்டம் ஹாலோ இரும்பு, அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள குழல். அதன் அடியில் 6 மில்லிமீட்டர் துளை போட்டதும், கோப்பி நிறத்தில் கால் வாளித் தண்ணீர் கொட்டியது. மேலே எத்தனை கோட் அடித்தும் கீழ்ச் சட்டத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பிய காரணம் அப்போதுதான் விளங்கியது: துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு துளைகள் போட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் நாள் கிரைண்டரில் கம்பித் தூரிகை மாட்டிக் கேட்டின் ஓர் இறக்கையைப் பளபளவென்று சுரண்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால், இரும்பு முழுக்க மஞ்சள் பூசினாற்போல் மெல்லிய துரு. நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்க ஓர் இரவே போதும். அன்று முதல், அந்தியில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காலையில் சுரண்டினேன். அதனால் இரண்டு நாள் வேலை ஐந்து நாளானது. குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, துத்தநாகப் பரப்புக்கென்றே விற்கும் எட்ச் பிரைமரை மெலிதாக அடித்தேன். கேட்டுக்குத் துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் இரவு. தின்னர், தூரிகை உட்பட 200 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தையும் கீல்களின் அருகே சோதித்தேன். இறுகிப் பிடித்த மெல்லிய துருவில் அது நன்றாக வேலை செய்தது; செதிலாக உதிரும் துருவில் பயனில்லை, அடுத்த ஆண்டே அந்த இடம் மீண்டும் வீங்கியது.

இப்போதைய நிலை இதுதான். மேற்கு வெயில் படும் இறக்கையில் மூன்றாம் ஆண்டிலேயே பளபளப்பு போய்விட்டது; கை வைத்தால் தூள் ஒட்டுகிறது. ஆனால் எங்கும் உரியவில்லை. வேலியோ, சாயம் அடித்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது. தாழ்ப்பாள் உரசும் இடத்திலும், தெரு நாய்கள் தவறாமல் காலைத் தூக்கும் வலது தூணின் அடியிலும் மட்டும் துரு எட்டிப் பார்க்கிறது. அவ்விரண்டையும் வரும் பிப்ரவரியில் சுரண்டி ஒட்டுப்போட வேண்டும். தீபாவளிக்கு முன்பே அடித்துவிடலாமே என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை துருவை மறைக்க ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறேன்.