கார் ஏர்கோனுக்கு ‘கேஸ் குறைஞ்சு போச்சு’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று மாதத்தில் ஒரே பட்டறையில் ஏர்கோனுக்காக 940 வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருக்கிறேன். பழுது மட்டும் அப்படியே இருந்தது. வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

வேலைக்குத் தினமும் பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் போகிறேன். மாலையில் பினாங்குப் பாலத்து ஜேம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார் ஓடும்போது ஓரளவு குளிர்ந்த ஏர்கோன், ஜேமில் நின்றால் வெறும் காற்றைத்தான் ஊதியது. பின்சீட்டில் 74 வயது அம்மா. மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்த் திரும்பிய ஒரு நாள், வீடு வருவதற்குள் தலை சுற்றுகிறது என்றார். மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டேன்.

“அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு. பத்து நிமிஷம், எண்பது வெள்ளி” என்றார் அந்தப் பையன். இன்ஜினை நிறுத்திவிட்டு, அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிக் காட்டினார். நானும் நம்பினேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. இன்னொரு எண்பது. இந்த முறை கேஸ் போட்ட அன்றே ஜேமில் முன்பைவிட மோசமாக இருந்தது, கம்ப்ரசர் பக்கம் உறுமல் வேறு. மூன்றாம் முறை முதலாளியே வந்து, “கூலிங் காயில் ஓட்டை, மாத்தணும்” என்றார். டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர வைக்கும் பாகம் அது. புதுக் காயில், குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி. பழைய காயிலைக் கேட்டேன். “தூக்கிப் போட்டுட்டோம் அக்கா” என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

நாலு வாரத்தில் மறுபடியும் அதே வெறும் காற்று.

என் தம்பியின் கூட்டாளி சொல்லித்தான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேஸைப் பற்றிப் பேசவே இல்லை. பானட்டைத் திறந்து குழாய், இணைப்பு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கேஸ் ஏற்றும் வாயில் மூடியே இல்லை. அதில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகளவு ஒரு குமிழி மெல்ல எழும்பி, உப்பி, உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“இதாம்மா உன் ஓட்டை” என்றார். டயர் வால்வுக்குள் ஊசி இருக்குமே, அது மாதிரி ஒரு சின்ன வால்வு. அதன் ரப்பர் தேய்ந்திருந்தது. அந்த மூடியும் ஒரு அடைப்புதானாம். முன்பு கேஸ் போட்டவர்கள் திரும்ப மாட்டவில்லை.

அடுத்து குளோவ் பாக்ஸைக் கழற்றி, ஃபில்டரை எடுத்துவிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். காயிலின் தகடுகளுக்கு நடுவே கறுப்பாக அழுக்கு, முடி, காய்ந்த இலைத்துணுக்கு. நாலு வாரத்துக்கு முன் மாட்டிய புதுக் காயில் அப்படி இருக்காது. போன் உள்ளே நுழையும் அளவுக்கு இடம் இருந்ததால் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூன்று வாரத்தில் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுகிறவர், உங்களைத் திரும்ப வரவழைக்கிறார். இன்ஜின் ஓடாதபோது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்தும் அளவு சொல்ல முடியாது. ஆர்-134ஏ என்ற ஏர்கோன் கேஸ் 30 டிகிரி வெயிலில் சுமார் 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும்; உள்ளே திரவம் மிச்சம் இருக்கும்வரை பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். எத்தனை கிராம் வேண்டும் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். என் காருக்கு 430. மிஷினில் உறிஞ்சியபோது வந்தது 190. இரண்டாம் முறை நிறுக்காமல் அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள், அதனால்தான் அந்த உறுமல் என்றார். அதிகமானாலும் குளிராது, கம்ப்ரசருக்கும் கேடு.

வால்வையும் டிரையரையும் மாற்றிவிட்டு குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பை 45 நிமிடம் ஓடவிட்டார். குழாய்க்குள் ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்குமாம். பம்பை நிறுத்தி, கேஜை மூடி, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சிலிண்டரைத் தராசில் வைத்து 430 கிராம் ஏற்றினார். மொத்தம் 210 வெள்ளி. ஏழு வாரமாக ஜேமிலும் குளிர்கிறது.

பழைய பட்டறைக்குப் படங்களோடு போனேன். முதலாளி போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “வேற எவனாவது மாத்தியிருப்பான்” என்றார். அதனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என்னைப் போல் ஏமாந்தவர்கள் தயவுசெய்து ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். என் மூன்று ரசீதுகளும் குளோவ் பாக்ஸில் கசங்கிக் கிடந்தன, நல்லவேளை எழுத்து தெரிந்தது. ‘புதிய கூலிங் காயில் 1’ என்று முதலாளி தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் விசாரணை. அதுவரை அந்தக் காயிலைக் கழுவ வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.