உவர்மலையில் ஒரு குற்றக்கதைப் பட்டறை

ஞாயிறு இதழ்களுக்குக் குற்றக்கதை எழுதுகிறவள் நான். திருகோணமலை உவர்மலையில் நடக்கும் இந்த வார இறுதிப் பட்டறைக்குத் தயங்காமல் போகலாம் என்று சொல்வேன். நடத்துபவர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பு முதலியாராக, அதாவது அரச மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வுபெற்றவர். நடை கற்றுத்தருவதாக அவர் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு வழக்கு எங்கே நிற்கும், எங்கே சரியும் என்று காட்டுகிறார். குற்றக்கதைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நிலாவெளி இளைஞர் ஒருவர் தம் கதையை வாசித்தார். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பொலிஸ் பொறுப்பதிகாரி முன்னால் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். “தம்பி, உங்கள் கொலைகாரன் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விடுவான்” என்றார் ஐயா. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு: சாதாரணக் குற்ற வழக்கில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. அடுத்து 27ஆம் பிரிவை வாசித்தார். காவலில் உள்ளவர் சொன்ன தகவலைக்கொண்டு ஒரு பொருள் அகப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புபட்ட பகுதியை மட்டும் ஏற்கலாம். “கத்தியைக் கிணற்றில் போட்டேன்” என்பது நிற்கும். “அந்தக் கத்தியால்தான் குத்தினேன்” என்பது நிற்காது.

வகுப்பே விழித்துக்கொண்டது. அப்படியென்றால் கதையின் முடிவு கண்ணீரில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. அந்தக் கிணற்றை வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே பார்த்திருக்க வேண்டும். பாழ்வளவுக் கிணற்றுக்கு யாரோ புதுக்கயிறு கட்டியிருப்பதாக ஒரு வரி போதும் என்று முடிவாயிற்று. சட்டம் போட்ட வேலியே கதைக்கு வழிகாட்டியது.

தடயத்தை ஒளிக்கும் பயிற்சியும் அருமை. “மேசையில் வெற்றிலைத் தட்டம், மாத்திரைப் போத்தல், ஈரம் காயாத சாவி, மூக்குக்கண்ணாடி.” சாவி பட்டியலின் நடுவில் கிடக்கிறது. அடுத்த வரியிலேயே மருமகள் சண்டையைத் தொடங்குகிறாள். வாசகரின் கண் அவள் பின்னால் போய்விடும். பிறகு திரும்பிப் பார்த்தால், ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை! இந்த நேர்மை இல்லாத துப்பறியும் கதையை நான் மதிப்பதில்லை.

திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவரையும் அழைத்திருந்தார்கள். கடல்நீர் வற்றும்போது சடலம் தொலைதூரம் போனதாக எழுதும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. இங்கே கடல் ஏறி இறங்குவது இரண்டடி அளவுதான். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், மிதப்பது வெளியே போகும். வடகிழக்கு வாடைக்காற்றில் கரைக்கு ஒதுங்கும். ஆகவே கொலை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள் என்றார். அவருக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

குறைகளும் உண்டு. பாத்திரப் படைப்புக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. கொன்றவன் ஏன் கொன்றான் என்ற கேள்வி சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவசரமாகக் கடந்துபோனது. கொலைக்கதையில் அதைவிடப் பெரிய கேள்வி ஏது? சட்டப்பிரிவுகளின் போட்டோகொப்பி மங்கலாக இருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி கேட்காது.

முன்வரிசையில் இடம் பிடியுங்கள். முடியாத கதை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஐயா முடிந்த கதைகளைவிட அவற்றைத்தான் ஆர்வமாக வாங்கிப் பார்க்கிறார்.