கன்ட்ரோலரா, வெறுங்கையா?

சுவர் ஏறும் பயிற்சிக்கு விஆர் (தலையில் மாட்டும் கருவியில் தெரியும் மெய்நிகர் உலகம்) ஆப் வடிவமைக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் நம்பகமானது. கை தலைக்கு மேலே, தலைக்கருவியின் கேமரா பார்வைக்கு வெளியே போனாலும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் அசைவு உணரி கொஞ்ச நேரம் சமாளித்துவிடும், பிடியைத் தொட்டதும் அதிரவும் செய்யும். ஆனால் விரல் நுனி மட்டும் நிற்கும் மெல்லிய விளிம்பானாலும், உள்ளங்கை முழுக்கப் பதியும் உருண்டைப் பிடியானாலும் அழுத்துவது ஒரே பட்டனைத்தான்; அப்புறம் பிடி எப்படிப் பழகும்? வெறுங்கையைக் கேமரா பின்தொடர்ந்தால், விரல் எந்த மூட்டில் மடங்குகிறது, கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் ஏறிப் பூட்டுகிறதா என்பதுவரை காட்டித் திருத்தலாம். ஆனால் புறங்கை விரல்களை மறைத்தால் கணிப்பு தப்பும், அதிர்வும் கிடையாது. உடல் எடையை விரல்கள் தாங்கும் அனுபவம் இரண்டிலுமே இல்லை. சரி, என் தேர்வு: பிடி பழக வெறுங்கை, எந்தக் கை எங்கே என்ற வரிசையை மனதில் பதிக்கக் கன்ட்ரோலர்.