ஊரில் ஒரு தலைப்பிரசவம்

தங்கையின் தலைப்பிரசவத்துக்காக இந்தத் தை மாதம் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பிறந்த ஊர் கடலூர் மாவட்டம், நெல்லிக்குப்பத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். பதினான்கு வருடமாகப் பாரிஸ் பக்கம் இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். நான் போன நேரம் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்தது. ராத்திரியில் காற்று திரும்பினால் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை வீட்டுக்குள் வந்துவிடும்.

போகும்போது ஒரு தீர்மானத்தோடுதான் போனேன். புதுச்சேரியில் நல்ல தனியார் மருத்துவமனையாகப் பார்த்துத் தங்கையைச் சேர்த்துவிட வேண்டும், செலவு என்னுடையது. அம்மாவிடம் சொன்னேன். "சேத்துக்கலாம். ஆனா நர்சம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. டாக்டரைக் கேட்காமல் நர்சம்மாவைக் கேட்பதா என்று.

நர்சம்மா என்று ஊரில் சொல்வது கிராம சுகாதார செவிலியரை. எங்கள் ஊர் சப் சென்டரில் இருக்கிறார். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 5,000 பேரில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் கணினியிலும் ஏற்ற வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததுமே பதிவு செய்து 12 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். 2017 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்காக ஊருக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. போய் இறங்கிய வாரமே நர்சம்மாவைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு அரசாங்கம். பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிய வேண்டும். கடைசி நேரத்தில் எல்லை தாண்டினால் ஆவணத்துக்கு அலைச்சல்தான்.

செவ்வாய்க்கிழமை தங்கையோடு போனேன். இரண்டு அறை. சுவரில் தடுப்பூசி அட்டவணை, மூலையில் எடை பார்க்கும் கருவி, மேசையில் நீளவாக்கில் தைத்த கனமான நோட்டு. கணினியில் ஏற்றினாலும் அந்த நோட்டை அவர் விடவில்லை. தங்கையின் பக்கத்தைத் திறந்தார். மூன்றாம் மாதத்திலிருந்து பிரஷர், எடை, ஹீமோகுளோபின் எல்லாம் வரிசையாக இருந்தன. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவும் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியில் எந்தத் தவணை வந்தது, எது வரவில்லை என்பதைப் பென்சிலில் குறித்திருந்தார். 1987-இல் தொடங்கிய அந்த உதவி இப்போது 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டிகளாக வந்துவிடுகிறது. நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் உள்ளே இருக்கும்.

அன்றைக்குத் தங்கையின் பிரஷர் 130-க்கு 84. நான் பெருமூச்சு விட்டேன், பரவாயில்லை என்று. நர்சம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. விரலை முந்தைய வரிகளின்மேல் ஓட்டி, "இது 110-க்கு 70-ல இருந்த பொண்ணு. ஏறுது" என்றார். காலை அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்குறது வழக்கம்தானே, பார்லி கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் கூட வந்த அத்தை. "கஞ்சி குடுங்க, தப்பில்ல. ஆனா தலைவலி நிக்காம வந்தாலோ, கண்ணு மங்கினாலோ, மேல்வயிறு வலிச்சாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க, எத்தனை மணியானாலும்."

தனியார் மருத்துவமனை பற்றிக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எங்க சேத்தாலும் ரெண்டு நாளுக்கு ஒருக்கா பிரஷர் பாக்கணும். அதுக்கு நான் வீட்டுக்கு வரேன்" என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைப் பிரசவம். தனியாரில் அது இன்னும் மிக அதிகம். அதை நினைத்து நானும் தயங்கினேன்.

அந்த வாரமே சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குத் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, தலை வெடிக்குது. லைட்டு ரெண்டு ரெண்டா தெரியுது." 36-ஆவது வாரம் அப்போது. 108 வர இருபது நிமிடம் ஆனது. நர்சம்மாவுக்குப் போன் செய்தேன், இரண்டாவது மணியில் எடுத்தார். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸுக்குத் தகவல் போயிருந்தது.

பிரஷர் 160-க்கு 110. சிறுநீரில் இரண்டு பிளஸ் புரதம். ஊர்ப்பக்கம் 'உப்பு இருக்கு' என்று சொல்வார்களே, அது இதுதான். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்புவரை கொண்டுபோகும் நோய், டாக்டர்கள் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்பார்கள். அதிகம் போனால் இருபத்தாறு வயதிருக்கும் அந்த நர்ஸுக்கு. டாக்டரிடம் போனில் இரண்டு நிமிடம் பேசினார், தங்கைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு ஒரு தட்டில் மெக்னீசியம் சல்ஃபேட் மருந்து ஆம்ப்யூல்களை, சின்னக் கண்ணாடிக் குப்பிகளை, வரிசையாக அடுக்கினார். பத்து. ஒவ்வொன்றும் ஒரு கிராம். கழுத்தை உடைத்து, மருந்தை உறிஞ்சி, "ஒண்ணு... ரெண்டு..." என்று வாய்விட்டு எண்ணினார். ஐந்து சேர்ந்ததும் ஒரு பக்கப் பிட்டத்தில் ஆழமாக ஒரு ஊசி, இன்னொரு ஐந்தை மறுபக்கத்தில். பத்து மில்லி மருந்து ஒரே இடத்தில் இறங்குவது சாதாரண வலி இல்லை. தங்கை என் கையை நசுக்கினாள். அந்த நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டே, "வலிக்கும்மா, தெரியும். இதைப் போட்டாத்தான் உனக்கு வலிப்பு வராது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உடைத்த பத்துக் கழுத்துகளையும் மறுபடி எண்ணிவிட்டுத்தான் தட்டை நகர்த்தினார்.

என் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ, தலைவலி என்றாராம், பிறகு கண் தெரியவில்லை என்றாராம், பிறகு ஜன்னி. மாட்டு வண்டியில் கடலூருக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே போய்விட்டார். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. காற்று கருப்பு என்று பேசிக்கொண்டார்கள். பெயர் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒருத்தியைக் கொண்டுபோன அதே நோயைத்தான் அந்த ராத்திரி ஒரு சின்னப் பெண் பத்து ஆம்ப்யூலை எண்ணி நிறுத்திக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த மருந்தும் இல்லை. வலிப்பு வரும் ஆபத்தை அது பாதிக்கும் கீழே குறைக்கும் என்று 2002-இல் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு காட்டியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் அளவைப் போட்டுவிட வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிள்ளை உயிரோடு பிறந்தால் இறக்கும் தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அந்த இடைவெளியில் இப்படிப்பட்ட ராத்திரிகள் எத்தனை இருக்கும்!

அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு. அதன் பெயரை எழுதப்போவதில்லை. விடிவதற்குள் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 50 கிராம். அதற்குப் பிறகும் ஒரு நாள் முழுக்க நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஊசி. ஒவ்வொரு முறையும் முட்டியைச் சின்னச் சுத்தியால் தட்டி, மூச்சை எண்ணி, சிறுநீர் சேரும் பையைப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். முட்டி துள்ளவில்லை என்றால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். கதவுக்கு உள்ளே ஒருவரையும் விடவில்லை. கண் சரியாகத் தெரியாமல், உடம்பு நடுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் தங்கை தனியாகக் கிடந்தாள். பயத்தில் அம்மா என்று கத்தியதற்கு, அறைக்குள் இருந்த ஒருவர் சொன்ன வார்த்தையை அவள் இன்னும் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வந்து நிறுத்திவிடுகிறாள். பிரசவ அறையில் உறவுப்பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் பல வருடமாக இருக்கும் ஏற்பாடு. பிரசவ அறைகளின் தரத்துக்காக 2017-இல் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் அதையே சொல்கிறது, கட்டிலுக்குக் கட்டில் திரை வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அறிவிப்பு அதே கதவுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்தது. நான் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிள்ளையைக் காட்ட வெளியே வந்தவர் முதலில் கையை நீட்டினார். "பொண்ணுதான், அதனால ஐநூறு போதும்." ஆண் பிள்ளை என்றால் ஆயிரமாம். தங்கை வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டைப்பையைத் துழாவினார். எனக்கு அழுகை வந்தது. பிறந்து ஒரு மணி நேரம் ஆகாத பெண்ணுக்குப் பாதி விலை. நான் கொடுக்கக் கூடாது என்றேன், அவர் கொடுத்துவிட்டார். உள்ளே மனைவி இருக்கிறாளே என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இது நடக்கிறது. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குத் தேதி, நேரம் எல்லாம் போட்டுக் கடிதம் எழுதினேன். ஊரில் நமக்கு நாளைக்கு ஒரு தேவை வராதா என்று வாயை மூடிக்கொள்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரைவிட்டுப் போகப்போகும் நாமாவது எழுத வேண்டும். கடிதத்தில் நான் கேட்டது ஒன்றைத்தான்: ஒரு தாய்க்கு ஒரு துணை. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தையும் வந்திருக்காது, நீட்டிய கையும் வந்திருக்காது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு அதே கட்டடத்தில்தான், ஆனால் வேறு உலகம் போல இருந்தது. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே பாப்பாவைக் கண் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். உறிஞ்சத் தெம்பில்லை. அத்தை ரகசியமாகச் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். அங்கிருந்த மூத்த நர்ஸ் அதைப் பார்த்தார், அதட்டவில்லை. "பாட்டி, நீங்க கொண்டுவந்ததை வைங்க. இங்க வந்து பாருங்க" என்று அத்தையை அழைத்து, கொதிக்க வைத்த எவர்சில்வர் பாலாடையை எடுத்தார். தங்கையின் பாலைப் பீய்ச்சி எடுத்த பத்து மில்லி. பாலாடையின் மூக்கைப் பாப்பாவின் கீழுதட்டு ஓரத்தில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார். ஊற்றவில்லை. பாப்பா நாக்கை நீட்டி நக்கியது, ஒரு மடக்கு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு மடக்கு. "அது கேட்கும்போதுதான் குடுக்கணும், நாம ஊத்துனா புரையேறிடும்." அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பாலாடைதான் அது. அடுத்த வேளை அத்தையே கொடுத்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கேட்காமலே வெளியே கொட்டினார்.

அப்புறம் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது அது. தங்கை வீட்டுக்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐநூறு ரூபாய்க்குத் துழாவிய அதே கை பாப்பாவின் முதுகை மூடியிருந்தது.

பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம், எடை 2 கிலோ 80 கிராம். பதினான்காம் நாள் நர்சம்மா ஸ்கூட்டியில் வந்தார். பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பிரான்சில் 1945-இலிருந்து தாய் சேய் நல நிலையங்கள் இருக்கின்றன. என் பெரியவன் பிறந்தபோது மருத்துவச்சி வீட்டுக்கு வந்து எடை பார்த்து, பிள்ளையின் உடல்நலக் கையேட்டில் எழுதிவிட்டுப் போனார். அருமையான சேவை, நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் மறுமுறை வந்தது வேறொருவர். இங்கே ஒவ்வொரு முறையும் அதே நர்சம்மா. தங்கையின் தையலைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, "ராத்திரியில அழுகை வருதா? காரணமில்லாம வருதா?" என்று கேட்டார். தங்கை அவரிடம் பேசினாள். என்னிடம் சொல்லாததையும் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆறாவது வாரம், நான் கிளம்புவதற்கு முந்தின புதன்கிழமை, தடுப்பூசி. போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தொடையில் ஐந்து நோய்க்கான ஊசி, இன்னும் இரண்டு. பாப்பா வீறிட்டு அழுது, பால் குடித்துத் தூங்கிவிட்டது. எடை 3 கிலோவைத் தொட்டிருந்தது. அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார்ந்திருந்தோம். நர்சம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"உங்க தெருக் கடைசியில செங்கல் சூளைக்கு வந்த குடும்பம் இருந்ததே, அந்தப் பொண்ணுக்கு எட்டாம் மாசம். போன் எடுக்க மாட்டேங்குது. பாத்தீங்களா?"

"அவங்க ஆத்துக்கு அந்தாண்ட சூளைக்குப் போயிட்டாங்களே, நாலு நாளாச்சு."

அந்தாண்ட அவர் எல்லை இல்லை. அந்தப் பக்கத்து நர்ஸுக்குப் போன் போட்டு, பெண்ணின் பெயர், கணவன் பெயர், போன மாதப் பிரஷர் எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். வைத்துவிட்டு, அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்.