மூளைச்சாவுக் கொடையா, உறவினர் கொடையா: நாட்டுக்கு நாடு கல்லீரல் மாற்று

ஸ்பெயினில் மாற்றுக் கல்லீரல் பெரும்பாலும் இறந்தவரிடமிருந்து வருகிறது. ஜப்பானிலும் இந்தியாவிலும் மனைவியோ மகனோ அண்ணனோ அறுவை மேசையில் படுக்கவேண்டியிருக்கிறது. அங்கே ஆபத்து, காத்திருக்கும் நோயாளிக்கு. இங்கே நோயே இல்லாத ஒருவருக்கும் சேர்த்து.

ஸ்பெயினின் 1979 சட்டப்படி, மறுப்புச் சொல்லாத எல்லாரும் கொடையாளர்கள்தான். ஆனாலும் குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. அங்கே பலன் தந்தது 1989-ல் தொடங்கிய தேசிய உறுப்புமாற்று அமைப்பும், மருத்துவமனைதோறும் இருக்கும் உறுப்புக்கொடை ஒருங்கிணைப்பாளரும். அவர் பெரும்பாலும் ஐசியூ மருத்துவர். அந்த ஆள் இல்லாமல் சட்டத்தை மட்டும் இரவல் வாங்கிப் பயனில்லை. இதயம் நின்று இறந்தவரின் கல்லீரலையும் அங்கே எடுக்கிறார்கள். ரத்தம் நின்ற நிமிடங்களில் அடிபடுவது பித்தநாளம். சில மாதங்கள் கழித்து அது சுருங்கி அடைக்கும். அதனால் எடுப்பதற்கு முன்பே எந்திரம் வழியே வயிற்றுப் பகுதிக்கு மட்டும் ஆக்ஸிஜன் கலந்த ரத்தத்தை ஓடவிடுகிறார்கள். ஜெர்மனியில் இவ்வகைக் கொடைக்கே அனுமதி இல்லை.

அமெரிக்காவில் 2002 முதல் யாருக்கு முதலில் கல்லீரல் என்ற வரிசையைத் தீர்மானிப்பது மெல்டு ஸ்கோர். தொடக்கத்தில் பிலிருபின் (பித்த நிறமி), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) என்ற ரத்தப் பரிசோதனைகளை வைத்து 6 முதல் 40 வரை போட்ட கணக்கு இது; எண் கூடினால் நோய் முற்றியது என்று பொருள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை குறைந்த பெண்களுக்கு அது குறைவாகவே காட்டும். நோய் முற்றியும் பின்வரிசையில் நின்றார்கள். 2023-ல்தான் கணக்கைத் திருத்தினார்கள்.

உறவினர் கொடையில் கணக்கே வேறு. நோயாளியின் எடையில் குறைந்தது 0.8 சதவீதம் கல்லீரல் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். அதற்குப் பெரும்பாலும் கல்லீரலின் பெரிய பகுதியான வலது மடலையே எடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பவரிடம் அவருடைய கல்லீரலில் 30 முதல் 35 சதவீதமாவது மிஞ்சவேண்டும். சி.டி. ஸ்கேனில் இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து ஒத்துவராவிட்டால் அந்த ஆள் வேண்டாம். துண்டு சிறிதானால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் ரத்த வேகத்தை அது தாங்காது: மஞ்சள்காமாலை நீடிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். கொடுத்தவருக்கோ வெட்டிய பரப்பில் பித்தநீர் கசியலாம். அரிதாக உயிரும் போகலாம்.

தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவுக் கொடை முறையாக நடப்பதால், உறவினரைக் கேட்கும் முன்பே காத்திருப்புப் பட்டியலில் பதிந்துவிடுவது நல்லது. இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதால், கொடுக்க வருபவரைக் குடும்பத்தார் இல்லாத அறையில் தனியே உட்காரவைத்துச் சம்மதம் கேட்கவேண்டும். கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேன் சொன்னால் அவசரப்படவேண்டாம். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், கொடுப்பவர் சில வாரம் எடை குறைத்து மறுபடி பார்த்தபின் முடிவெடுக்கலாம்.