வீட்டுக்குள் கீரை வளர்க்கும் மண்ணில்லாத் தோட்டப் பெட்டி: விளக்கு அருமை, உரக்குறிப்பு போதாது

வெயில் எட்டாத அடுக்குமாடி வீடுகளுக்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் மண்ணில்லாத் தோட்டப் பெட்டிகளுள் ஒன்றை வாங்கி, அதில் லெட்டூஸும் கொத்தமல்லியும் வளர்த்து வருகிறேன். நீர்த்தொட்டி, நாற்றுக் குழிகள், எல்இடி விளக்கு, சிறு மின்விசிறி, ஏ, பி என்று குறித்த இரண்டு உரப் புட்டிகள் ஆகியவை இதில் அடக்கம்.

விளக்கைத் தயங்காமல் பாராட்டுவேன். கண்ணைக் கூசச் செய்யும் ஊதா ஒளிக்கு மாறாக, வெள்ளை டையோடுகளுக்கிடையே 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு டையோடுகளைப் பதித்திருக்கிறார்கள். பச்சையம் நீலத்தையும் சிவப்பையுமே மிகுதியாக ஈர்க்கிறது என்றாலும், இலையின் மேலடுக்கைக் கடந்து உள்ளே இறங்கும் பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுவதால், இந்த ஏற்பாடே சரியானது. நீல ஒளி போதுமான அளவு கிடைப்பதால் லெட்டூஸ் நெடுநெடுவென்று நீளாமல் அடர்ந்து வளர்கிறது. ஆனால் ஒளியளவை லக்ஸில் மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அது மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டி வகுக்கப்பட்ட அளவு என்பதால், செடிக்குக் கிடைக்கும் ஒளியை அதைக்கொண்டு சரியாக மதிப்பிட முடியாது. விளக்கு எரியும் நேரத்தை நாளுக்கு 16 மணி நேரம் என்பதிலிருந்து மாற்ற வழியில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. லெட்டூஸுக்கு அது ஏற்றதுதான். நீண்ட பகலில் விரைந்து பூவெடுக்கும் இயல்புடைய கொத்தமல்லியோ, தழை பெருகுமுன்பே பூத்தண்டு விட்டுவிடுகிறது.

உரத்தை இரண்டு புட்டிகளாகப் பிரித்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு: அடர் கரைசலில் கால்சியம், சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் சேர்ந்தால் கரையாத வீழ்படிவாகிவிடும், அதன்பின் வேருக்கு எட்டாது. இதைக் கையேடு ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாததுதான் எனக்குப் பெரும் வருத்தம். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில், பிஎச்சை (அமில-காரத் தன்மையின் அளவை) உயர்த்தும் பைகார்பனேட் உப்பு மிகுதி. அதோடு, வேர்கள் நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்சக் கரைசலின் பிஎச் மேலும் உயரும். இப்பெட்டியின் உரத்தில் உள்ள இரும்பு, அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் இடிடிஏ என்ற சேர்மத்துடன் பிணைந்தது, பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அந்தப் பிணைப்பு தளர்ந்து, இரும்பு வேருக்குக் கிடைப்பது குறையத் தொடங்குகிறது. இரும்பு முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு எளிதில் நகராது என்பதால், நரம்புகள் பச்சையாக இருக்கத் தளிர்கள் மட்டும் மஞ்சளாகின்றன. அதைக் கண்டு இன்னும் உரம் ஊற்றுவதில் பயனில்லை, பிஎச்சை 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்தினால் புதிதாக வரும் தளிர்கள் பச்சையாகவே விரிகின்றன. பிஎச் சோதனைத் துளிமருந்தை நாமே தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

அலங்காரமாகத் தோன்றும் மின்விசிறி உண்மையில் பயனுள்ளது. கால்சியம் நீராவிப்போக்கின் இழுப்பில்தான் மேலேறுகிறது. காற்றோட்டம் இல்லையென்றால், கால்சியம் போதாமல் லெட்டூஸின் உள்ளிலை நுனிகள் கருகும்.

லெட்டூஸ் விரும்புவோர், உப்புகள் வடிகட்டப்பட்ட ஆர்ஓ நீரும் பிஎச் சோதனை வசதியும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். கொத்தமல்லிக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள், விளக்கு நேரத்தை மாற்றக்கூடிய வேறு பெட்டியைத் தேடுவதே நல்லது.