ரூல் போட்டால் மெயில் பிரியும், மணி அடிக்குமா?

வருகிற மெயிலைத் தானாகப் பார்த்து அதனதன் ஃபோல்டரில் போடச் சொல்லி நாம் எழுதி வைக்கிற கட்டளைதான் மெயில் ரூல். அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கே போவேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால், சீசன் முடிகிற வரைக்கும் மெயிலும் அதே வேகத்தில் வந்து கொட்டும். வாங்குகிற கம்பெனி, லேப், டிரம் சப்ளையர், கப்பல் கம்பெனி, துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட், பேங்க் என்று எல்லாரும் ஒரே இன்பாக்ஸில்தான். ரூல் போடுவதற்கு முன்னால், ஒரு பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) டிராஃப்ட்டைத் தேடுவதிலேயே பாதிக் காலை போய்விடும். இப்போது துபாயிலிருந்து “அந்த லாட்டுக்கு பிரிக்ஸ் எவ்வளவு?” என்று கூழின் சர்க்கரை அளவைக் கேட்டுப் போன் வந்தால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப் ஃபோல்டரைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வசதிக்காகவே கணினியில் இருக்கிற மெயில் மென்பொருளைப் பல வருஷமாக மாற்றவில்லை.

தர்மபுரியில் கிரானைட் ஏற்றுமதி பார்க்கிற நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே ரூல் போட்டுட்டேன். மெயில் எல்லாம் அழகா பிரிஞ்சு போகுது. ஆனா வந்ததே தெரிய மாட்டேங்குது. கம்ப்யூட்டர்லயும் சத்தம் இல்ல, போன்லயும் சத்தம் இல்ல.” என்னையும் இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருப்பது இதேதான். அவருக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது, ரூல் எங்கே ஓடுகிறது என்பது. சர்வரிலேயே ஓடுகிற ரூல் ஒரு வகை. ஜிமெயில் ஃபில்டர் அப்படித்தான். சொந்த டொமைன் வைத்திருக்கிற கம்பெனிகள் சிலவற்றின் மெயில் சர்வரில் ‘சீவ்’ என்ற மொழியில் எழுதுகிற ரூலும் அப்படித்தான். இன்னொரு வகை, நம் கணினியில் இருக்கிற மென்பொருள் ஓட்டுகிற ரூல். மெயில் இன்பாக்ஸுக்கு வந்து சேரும். மென்பொருள் அதைப் பார்த்து எடுத்து வேறு ஃபோல்டரில் போடும். கணினி அணைந்திருந்தால் இந்த ரூல் ஓடாது. இடி மழை வந்து கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கூவி ஓய்ந்துவிட்டால், ராத்திரி வந்த அத்தனை மெயிலும் காலையில் இன்பாக்ஸில் குவிந்து கிடக்கும்.

அப்படியானால் சர்வர் ரூல்தான் மேல் என்று தோன்றும். பிரிப்பதில் மேல்தான். ஆனால் நண்பரின் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. சர்வர் ரூல் மெயிலை நேராக உள் ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. இன்பாக்ஸ் அந்த மெயிலைப் பார்ப்பதே இல்லை. நம் மென்பொருளோ இன்பாக்ஸ் ஒன்றை மட்டுமே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தபால்காரர் பின்வாசல் வழியாக வந்து கடிதத்தை வைத்துவிட்டுப் போனால், முன்வாசல் அழைப்பு மணி எப்படி அடிக்கும்?

ஏன் இன்பாக்ஸை மட்டும் பார்க்கிறது என்றால், அது ஐமேப் முறையின் குணம். சர்வரில் இருக்கிற மெயிலை நம் மென்பொருள் பார்ப்பதற்கான வழிமுறைதான் ஐமேப். 1986-இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய முறை இது. மென்பொருள் சர்வரோடு ஓர் இணைப்பு போட்டால், அந்த இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் திறந்து வைத்திருக்க முடியும். புது மெயில் வந்த உடனே சர்வர் தானாகச் சொல்கிற ‘ஐடில்’ வசதி 1997-இல் வந்தது. அதுவும் திறந்திருக்கிற அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்தான். பத்து ஃபோல்டரையும் உடனுக்குடன் கவனிக்க வேண்டுமென்றால் பத்து இணைப்பு வேண்டும். ஜிமெயிலில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான். ஆபீஸ் கணினி, வீட்டு லேப்டாப், போன் என்று மூன்றும் ஆளுக்கு நாலைந்து இணைப்பு எடுத்தாலே எல்லை தொட்டுவிடும். ஆகவே மென்பொருள் எழுதியவர்கள் சிக்கனமாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது இரண்டு. பல ஃபோல்டர்களை ஒரே இணைப்பில் கவனிக்கும் ‘நோட்டிஃபை’ என்ற வழிமுறையை 2009-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். நாம் தினமும் புழங்குகிற பல சர்வர்களிலும் மென்பொருள்களிலும் அது இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று, அந்த டிக் பெட்டி. நான் வைத்திருக்கிற மென்பொருளில் உள் ஃபோல்டரையும் சோதிக்கச் சொல்ல வழி இருக்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் பண்புகளைத் திறந்து, ‘புது மெயில் வந்திருக்கிறதா என்று இந்த ஃபோல்டரிலும் பார்’ என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். ஃபோல்டருக்கு ஃபோல்டர், ஒவ்வொன்றாக! புது வாங்குபவர் ஒருவர் வந்தால் புது ஃபோல்டர், மறுபடி ரைட் கிளிக், மறுபடி டிக். ரூல் எழுதுகிற திரையிலேயே ‘இங்கே மெயில் போனால் எனக்குச் சொல்’ என்று ஒரு வரி வைக்க என்ன தடை? ஒரு கணினியில் போட்ட டிக் இன்னொரு கணினிக்கு வருவதும் இல்லை.

போன சீசனில் இதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன். மாங்கூழ் அடைத்த 80 டிரம் ஒரு கன்டெய்னர் பெட்டியில் ஏற்றி, சீல் போட்டு, சாயங்காலம் வண்டி சென்னைக்குக் கிளம்பியது. துறைமுகக் கேட் மூடும் நேரத்தை முன்னால் இழுத்துவிட்டோம் என்று கப்பல் கம்பெனியிலிருந்து மெயில். அது ‘ஏற்றுமதி’ ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ‘கப்பல்’ ஃபோல்டருக்குச் சரியாகப் போய் உட்கார்ந்தது. ரூல் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்துவிட்டது. நான் அந்த நேரம் ராத்திரி ஷிஃப்டுக்கு லேபிள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு துளி அறிவிப்பு இல்லை. மென்பொருள் அப்டேட் ஆகி, ஃபோல்டர் பட்டியலைப் புதிதாக இழுத்தபோது அந்த டிக் தானாகக் கழன்றிருந்தது. கிளியரிங் ஏஜென்ட்தான் போன் செய்தார். “சார், கட்-ஆஃப் முன்னாடி வந்துடுச்சே, மெயில் பாக்கலையா?” வண்டி அப்போது வாலாஜாவைக்கூடத் தாண்டவில்லை. பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது. கிருமி நீக்கி அடைத்த அசெப்டிக் டிரம் என்பதால் கூழுக்கு ஒன்றும் ஆகாது. வாங்குபவரிடம் கம்பெனியின் சொல் தவறியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

போன் விஷயம் தனிக் கதை. ஜிமெயில் ஆப்பில் இன்பாக்ஸைத் தாண்டிப் போகிற மெயிலுக்கு, லேபிள் (ஜிமெயிலில் ஃபோல்டருக்கு அதுதான் பெயர்) வாரியாக அறிவிப்பை ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் கணக்கைத் தட்டி, லேபிள்களை நிர்வகிக்கும் பகுதிக்குப் போய், அந்த லேபிளின் மெயில் போனுக்கு இறங்குவதற்கான சிங்க்கை முதலில் கொடுக்க வேண்டும். சிங்க் கொடுத்த பிறகே அறிவிப்புக்கான பெட்டியைத் தொட முடியும். அதற்குக் கீழே ஆண்ட்ராய்டின் கதவுகள் வேறு. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இலிருந்து புதிதாகப் போடுகிற எந்த ஆப்பும் அறிவிப்பு காட்ட நம்மிடம் அனுமதி கேட்கும். ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் உள்ளே எத்தனை லேபிளை ஆன் செய்தாலும் போன் ஊமைதான். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைக்கிற போன்களும் உண்டு. நண்பரின் போனில் மெயில் ஆப்பை அந்தத் தூக்கப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகுதான் பாதி சரியானது.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏற்கெனவே கிடக்கிற மெயில்கள் மேல் ரூலை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பிரியும். அறிவிப்பு வருமா வராதா என்பது அதில் தெரியவே தெரியாது. வேறு ஒருவரின் முகவரியிலிருந்து, ரூலில் சிக்குகிற மாதிரி தலைப்பு வைத்து, புது மெயில் அனுப்பச் சொல்ல வேண்டும். கணினியில் மென்பொருளை மூடிவிட்டு ஒரு தடவை, திறந்து வைத்து ஒரு தடவை. மூடியிருக்கும்போது பிரிந்தால் சர்வர் ரூல். திறந்தபோது மட்டும் பிரிந்தால் கணினி ரூல். ரூலில் ‘படித்ததாகக் குறி’ என்ற செயலும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். படித்த மெயிலுக்குப் பெரும்பாலும் மணி அடிக்காது.

‘அடங்கியிருந்தால்’ என்ற நிபந்தனையிலும் கவனம் வேண்டும். தலைப்பில் பில் ஆஃப் லேடிங்கின் சுருக்கமான பி.எல். என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் கப்பல் ஃபோல்டருக்கு என்று எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு ரூல் இருந்தது. அவைலபிள், பிராப்ளம், டேபிள் என்ற வார்த்தைகளின் ஆங்கில எழுத்துகளுக்குள்ளும் அதே இரண்டு எழுத்து அடுத்தடுத்து வருகிறது. டிரம் சப்ளையர் ‘ஸ்டாக் அவைலபிள்’ என்று எழுதிய மெயில்கள் கப்பல் ஃபோல்டரில் போய்க் கிடந்தன. கம்பெனியின் முழு முகவரியையோ டொமைனையோ வைத்து ரூல் போடுவதே நம்பகமானது. ஒரு மெயில் இரண்டு ரூலில் சிக்கினால் மேலே இருக்கிற ரூல் முந்தும். அதில் ‘இதோடு நிறுத்து’ என்பதும் இருந்தால் கீழே இருப்பது ஓடாது.

இவ்வளவுக்கும் பிறகு இந்த ரூல் வசதிக்கு ஐந்துக்கு எத்தனை கொடுப்பேன் என்று கேட்டால், நாலு. பழைய டாக்குமெண்ட்டைத் தேடி எடுக்கிற வேலையில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நண்பரிடம் ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னேன். அவசர மெயிலை நகர்த்துகிற ரூல் ஒன்றுகூட வேண்டாம். நகர்த்தாமல், இன்பாக்ஸிலேயே விட்டு, நிறக் குறி மட்டும் போடுகிற ரூல் போதும். எங்கள் ஆபீஸிலும் கப்பல் கம்பெனி, கிளியரிங் ஏஜென்ட் இருவருக்கும் இப்போது சிவப்புக் குறி ரூல்தான். மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும், மணியும் அடிக்கும், வேலை முடிந்த பிறகு கையால் இழுத்து ஃபோல்டரில் போடுகிறேன். லேப், பேங்க், டிரம் சப்ளையர் ரூல்கள் பழையபடியே ஓடுகின்றன. அந்த டிக் பெட்டியை எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்து ஒரே இடத்தில், அப்டேட்டில் கழலாத மாதிரி கொண்டுவந்து வைக்கட்டும். அன்றைக்கே கப்பல் ரூலை மறுபடி போட்டுவிடுகிறேன்.